ஆன்டிபாடி இருந்தும் எச்.ஐ.வி. எப்படித் தப்பிக்கிறது? – கேள்வி பதில்

வணக்கம். எச்.ஐ.வி.க்கும், கிருமியைப் பிடிக்க நம் உடல் தயாரிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளுக்கும் நடக்கும் சண்டையைப் பற்றி உங்கள் சந்தேகங்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் நுண்ணுயிரியல் படித்தவள். முதலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் பிறகு வைரஸ் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தேன். மருந்துச்சீட்டு எழுதும் டாக்டர் இல்லை. அதனால் அவரவர் மாத்திரை பற்றிய முடிவை உங்கள் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சை) மையத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

செல்வராணி, தேனி: மேடம், தட்டம்மை வந்து போனால் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும், மறுபடி வராது என்கிறார்கள். எச்.ஐ.வி. டெஸ்டிலும் ஆன்டிபாடி இருந்தால்தானே 'பாசிட்டிவ்' என்று எழுதுகிறார்கள்? அப்படியானால் அவர்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஆன்டிபாடி வைரஸின் மேல் ஒட்டுவது வேறு, வைரஸைத் தடுப்பது வேறு. இன்று வந்த பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

ஆன்டிபாடியைத் தேடும் எலைசா டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 96 சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் வைரஸின் புரதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிந்த நீரை விட்டு, கொஞ்ச நேரம் வைத்து, கழுவி விடுவோம். புரதத்தைப் பிடித்துக்கொண்ட ஆன்டிபாடி கழுவினாலும் போகாது. அப்புறம் அந்த ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் ஒரு நொதிக் கலவையையும் நிறம் தரும் கரைசலையும் சேர்த்தால் குழி மஞ்சளாகும்.

அதே சீரத்தை எடுத்து வேறொரு சோதனை செய்யலாம். உயிருள்ள செல்கள், வைரஸ் உள்ளே நுழைந்தால் ஒளிரும்படி மாற்றப்பட்டவை. வைரஸையும் சீரத்தையும் கலந்து அந்தச் செல்களின் மேல் விடுவோம். ஆன்டிபாடி வைரஸைத் தடுத்தால் செல் ஒளிராது. எலைசாவில் அடர்ந்த மஞ்சள் காட்டிய அதே சீரம் இங்கே ஒன்றும் செய்யாமல், செல்கள் பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆன்டிபாடி இருக்கிறது, நிறைய இருக்கிறது. அது பிடிக்கும் இடம்தான் பயனில்லாத இடம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்ததும் இந்த ஒட்டும் ஆன்டிபாடியால்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் எலைசா செய்யப்பட்டன. நம்மைக் காக்காத ஆன்டிபாடிதான், ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல அடையாளம் அன்றைக்கு இல்லை.

ஹரிஷ், பிளஸ் டூ, நாமக்கல்: வைரஸின் வெளிப்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது, ஆன்டிபாடி சரியான இடத்தைப் பிடிக்க முடியாமல் போக?

வைரஸுக்கு வெளியே அதன் சொந்தப் பொருள் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பைக். ஜிபி120 என்ற புரதம் மூன்று, ஜிபி41 என்ற புரதம் மூன்று சேர்ந்த முக்கோணக் கொத்து. அதைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் நம் செல்லிலிருந்து கிளம்பும்போது எடுத்துக்கொண்டு வந்தது. ஆகவே ஆன்டிபாடி வைரஸைத் தடுக்க வேண்டுமென்றால் இந்த ஸ்பைக்கைத்தான் பிடித்தாக வேண்டும். அந்த ஒரு பொருளுக்கு வைரஸ் எத்தனை காவல் வைத்திருக்கிறது தெரியுமா?

முதலில் எண்ணிக்கை. ஒரு இன்ஃபுளுவென்சா வைரஸின் மேல் ஸ்பைக்குகள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக இருக்கும். எச்.ஐ.வி.யில் சராசரியாக 14 அளவுதான். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்பைக் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும், அப்போது பிடி பல மடங்கு இறுகும். எச்.ஐ.வி.யில் அடுத்த ஸ்பைக் பெரும்பாலும் கைக்கு எட்டாத தூரத்தில். ஒற்றைக் கைப்பிடி எளிதில் நழுவும். இந்தக் காரணத்தைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கணக்கில் இது முக்கியமானது.

அடுத்து சர்க்கரை. ஜிபி120-இன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைச் சங்கிலிகள். ஒவ்வொரு ஜிபி120-இலும் சுமார் 25 இடங்களில் அவை அடர்த்தியாகத் தொங்குகின்றன. உள்ளே இருக்கும் புரதத்தை ஆன்டிபாடி தொடவே வழியில்லை.

மூன்றாவது, முக்கியமான இடங்களை அது ஒளித்து வைத்திருக்கும் விதம். வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய சிடி4 என்ற மூலக்கூறைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிக்கும் இடத்தை வைரஸால் மாற்ற முடியாது, மாற்றினால் நுழையவே முடியாது. அதனால் அதைப் பள்ளத்தில் வைத்திருக்கிறது. ஒல்லியான சிடி4 உள்ளே போகும், பருமனான ஆன்டிபாடி விளிம்பில் இடித்துக்கொள்ளும். நுழைவதற்குத் தேவையான இரண்டாவது மூலக்கூறு ஒன்று உண்டு, பெரும்பாலும் சிசிஆர்5. அதைப் பிடிக்கும் இடம் முதலில் உருவாகியே இருக்காது. சிடி4-ஐப் பிடித்த பிறகு ஸ்பைக் உருமாறும்போதுதான் அது வெளியே வரும். அதற்குள் வைரஸும் செல்லும் நெருங்கி ஒட்டிவிடும், இடையில் ஆன்டிபாடி நுழைய இடம் இருக்காது.

இவ்வளவுக்கும் நடுவில் உடைந்த ஸ்பைக்குகள் வேறு. ஜிபி120 கழன்று விழுந்து, ஜிபி41-இன் அடிக்கட்டை மட்டும் நிற்கும். கழன்ற துண்டுகள் ரத்தத்தில் மிதக்கும். ஆன்டிபாடியைத் தயாரிக்கும் நம் பி செல்கள் இந்தக் கழிவைப் பார்த்து ஏராளமான ஆன்டிபாடி தயாரிக்கின்றன. முழு ஸ்பைக்கில் அந்த இடங்களெல்லாம் மூடியிருப்பதால் அவை அத்தனையும் வீண்.

முகம்மது ரியாஸ், காயல்பட்டினம்: அந்தச் சர்க்கரையையே எதிரியாகப் பார்த்து ஆன்டிபாடி உருவாகக் கூடாதா?

அந்தச் சர்க்கரை வைரஸ் செய்தது இல்லை. நம் செல்லின் நொதிகள், நம் புரதங்களில் சர்க்கரை சேர்க்கும் அதே வழியில் சேர்த்தது. அதைத் தாக்கும் பி செல்கள் உருவானால் நம் உடலையே தாக்கும் என்பதால் உடல் அவற்றைத் தொடக்கத்திலேயே அடக்கிவிடும். ஆனாலும் ஓரிடத்தில் சர்க்கரைகள் வழக்கத்துக்கு மாறாக நெருங்கிக் கிடப்பதால், சில பேருக்கு அந்தக் கொத்தையே பிடிக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. கீழே ராஜலட்சுமி கேட்டதற்கான பதிலில் வருகிறது.

பெயர் வேண்டாம் என்றவர், சென்னை: தொற்று ஏற்பட்டு எத்தனை நாளில் டெஸ்டில் தெரியும்?

முதலில் ஜிபி41-க்கான ஆன்டிபாடி வரும். ரத்தத்தில் வைரஸ் தென்பட ஆரம்பித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில். விரலில் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட்டை ஆய்வுக்கூடத்தில் செய்தால் 18 முதல் 45 நாள். பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு ஐ.சி.டி.சி. (ஆலோசனை, பரிசோதனை) மையத்தில் டெஸ்ட் இலவசம், ரகசியம் காப்பார்கள். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொற்றைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கல்பனா, கோவை: ஃப்ளூ வைரஸும் உருமாறிக்கொண்டேதானே இருக்கிறது? அதற்கு வருடா வருடம் தடுப்பூசி மாற்றுகிறார்களே, இதற்கும் அப்படிச் செய்யலாமே?

ஃப்ளூ மாறுவது ஊர் ஊராக, பருவம் பருவமாக. எச்.ஐ.வி. ஒரே மனிதரின் உடலுக்குள் மாறுகிறது.

அதன் மரபுத் தொடர் சுமார் 9,700 எழுத்துகள். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வேலை தெரியாது. ஏறக்குறைய மூன்று நகலுக்கு ஒரு எழுத்துப் பிழை. சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு உருவாகும் வைரஸ்கள் சுமார் 1,000 கோடி. பெருக்கிப் பாருங்கள். அந்த 9,700 எழுத்துகளில் எந்த எழுத்து மாறினாலும் வரக்கூடிய வைரஸ், அன்றைக்கே எங்கோ உருவாகியிருக்கும். பெரும்பாலானவை உருப்படாது. ஆன்டிபாடியிடமிருந்து தப்பிக்கும் ஒன்று மட்டும் பெருகினால் போதுமே.

இதை 2003-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. ஒரே நோயாளியிடம் வெவ்வேறு மாதங்களில் எடுத்த சீரத்தையும் வைரஸையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார்கள். இன்றைய சீரம் சில மாதங்களுக்கு முந்தைய வைரஸை நன்றாகத் தடுக்கிறது. இன்றைய வைரஸைத் தடுப்பதில்லை. அதைத் தடுக்கும் ஆன்டிபாடி வந்து சேரும்போது வைரஸ் அடுத்த வடிவத்துக்குப் போயிருக்கும். பஸ் போன பிறகு கை காட்டுகிற கதை, ஆண்டுக்கணக்கில். ஒரு குழு கவனித்த இன்னொன்று: தப்பிய வைரஸ்களில் புரதம் மாறியதைவிடச் சர்க்கரைச் சங்கிலிகள் இடம் மாறியதுதான் கண்ணில் பட்டது.

அதனால் எந்த வைரஸைப் பார்த்துத் தடுப்பூசி செய்வது? ஒரே ஆளிடமே ஒரு கூட்டம் இருக்கிறது. உலகத்தை எடுத்துக்கொண்டால் வகைகளே வேறு. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சி வகை, அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பி வகை அதிகம்.

ஜெனிஃபர், நர்சிங் மாணவி, நாகர்கோவில்: மேடம், ஆன்டிபாடி வைரஸைத் தடுப்பது மட்டுமில்லை, தொற்றிய செல்லின் மேல் ஒட்டி, கொல்லும் செல்களைக் கூப்பிடும் வேலையும் செய்யும் என்று படித்தோம். ஏ.டி.சி.சி. என்று வரும். வைரஸைத் தடுக்காத ஆன்டிபாடியாவது அந்த வழியில் உதவக் கூடாதா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரி. ஆன்டிபாடியின் கைகள் தொற்றிய செல்லைப் பிடிக்கும், வால் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொற்றிய செல்களைக் கொல்லும் என்.கே. செல்லின் மேல் சிடி16 என்ற ஏற்பி இருக்கிறது. அது அந்த வாலைப் பிடித்ததும் என்.கே. செல் தன் நஞ்சைக் கொட்டித் தொற்றிய செல்லைக் கொன்றுவிடும். இதற்கு ஆன்டிபாடி வைரஸின் நுழைவைத் தடுக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. செல்லின் மேல் ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்தால் போதும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த மாதிரி ஆன்டிபாடி தாராளமாக இருக்கிறது.

ஆனால் அவை பெரும்பாலும் பிடிப்பது, சிடி4-ஐத் தொட்டுத் திறந்துகொண்ட ஸ்பைக்கை. மூடிய ஸ்பைக்கை அல்ல. இப்போது தொற்றிய செல்லை நினைத்துப் பாருங்கள். அது சிடி4 செல், நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணு. அதன் மேற்பரப்பில் சிடி4 இருக்கிறது, வைரஸ் புதிதாகச் செய்து அனுப்பும் ஸ்பைக்கும் அங்கேயே வருகிறது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தொடும், ஸ்பைக் திறக்கும், நம் ஆன்டிபாடிகள் பிடித்துக்கொள்ளும், என்.கே. செல் வந்து வேலையை முடிக்கும்.

இதை நடக்க விடாமல் செய்வது வைரஸின் இரண்டு சின்னப் புரதங்கள்: நெஃப், விபியு. நெஃப், ஏற்கெனவே மேற்பரப்பில் இருக்கும் சிடி4-ஐ உள்ளே இழுத்து அழிக்க அனுப்புகிறது. விபியு, புதிதாகத் தயாராகும் சிடி4-ஐ மேலே வரவிடாமல் உள்ளேயே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. சிடி4 இல்லாத மேற்பரப்பில் ஸ்பைக் மூடியே இருக்கும். ஆன்டிபாடிகள் பக்கத்திலேயே மிதந்தாலும் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. தொற்றிய செல் தன் சிடி4-ஐ ஏன் இப்படி அழிக்கிறது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெளிவரும் வைரஸ் அதே செல்லில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது அதில் ஒன்று. ஆனால் மான்ட்ரியலில் ஆந்த்ரேஸ் ஃபின்சியின் குழு செய்த ஆய்வுகள் ஏ.டி.சி.சி.யிடமிருந்து தப்பிப்பதன் பங்கைத் தெளிவாகக் காட்டின. நெஃப், விபியு இரண்டையும் நீக்கிய வைரஸ் தொற்றிய செல்களை நோயாளிகளின் சாதாரண சீரமே கொல்ல வைக்கிறது.

விபியுவுக்கு இன்னொரு வேலை. நம் செல்களில் டெதரின் என்ற புரதம் உண்டு. வெளியே கிளம்பும் வைரஸைச் செல்லோடு கட்டிவைப்பது அதன் தொழில். கட்டப்பட்ட வைரஸ்கள் செல்லின் மேல் குவிந்தால் ஸ்பைக்குகளும் குவியும், ஆன்டிபாடிக்குக் கொண்டாட்டம். விபியு அந்த டெதரினையும் அகற்றிவிடுகிறது. உலகெங்கும் பரவிய எம் பிரிவு வைரஸின் விபியுவுக்கு மனித டெதரினை அகற்றும் திறமை நன்றாக இருக்கிறது. சிம்பன்சியிடம் இருந்த மூதாதை வைரஸ் இதற்கு நெஃப்பைத்தான் பயன்படுத்தியது, அந்த நெஃப் மனித டெதரினிடம் செல்லுபடியாகவில்லை. மனிதனுக்குள் வந்த பிறகு வேலை விபியுவுக்குக் கைமாறியிருக்கிறது.

போதாததற்கு ஜிபி41-இன் வாலில், 'என்னை உள்ளே திரும்ப இழுத்துக்கொள்' என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு குறி இருக்கிறது. மேற்பரப்புக்கு வந்த ஸ்பைக்கில் பெரும்பகுதி அப்படி உள்ளே போய்விடும். தேவையான அளவு மட்டும் வெளியே தெரியும்.

எனக்கு நம்பிக்கை தருவதும் இதே இடம்தான். ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கிறது, ஸ்பைக்கைத் திறந்துவிட்டால் போதும் அல்லவா? சிடி4 போல நடித்து ஸ்பைக்கைத் திறக்கும் சிறு மூலக்கூறுகளைச் செய்து, செல்களிலும் விலங்குகளிலும் சோதித்துவருகிறார்கள். மருந்தாக இன்னும் வரவில்லை.

ஜெனிஃபரின் அடுத்த கேள்வி: காம்ப்ளிமென்ட் என்று இன்னொன்று உண்டே, அது?

ஆன்டிபாடி ஒட்டிய வைரஸின் படலத்தில் ஓட்டை போடும் ரத்தப் புரதங்கள். நம் சொந்தச் செல்களில் அவை ஓட்டை போடாமல் இருக்க சிடி55, சிடி59 என்ற காவல் புரதங்கள் உண்டு. வைரஸ் நம் செல்லின் படலத்தைப் போர்த்திக்கொண்டு கிளம்பும்போது அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

பாலமுருகன், விருதுநகர்: என் தம்பிக்கு எச்.ஐ.வி. ஒருவர் மூலிகை லேகியம் தருகிறார். எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் வைரஸ் தானே போய்விடும், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்கள் என்கிறார். மாதம் எட்டாயிரம் ரூபாய். கொடுக்கலாமா?

பாலமுருகன், கொடுக்காதீர்கள். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த விடாதீர்கள்.

மேலே எழுதியதையெல்லாம் இதற்காகவே இன்னொரு முறை படியுங்கள். உங்கள் தம்பியின் உடலில் ஆன்டிபாடிக்குக் குறை இல்லை. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தில் மொத்த ஆன்டிபாடி அளவு சாதாரண ஆளைவிட அதிகமாக இருக்கும். பி செல்கள் கண்டபடி தூண்டப்பட்டு உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதைக் 'கூட்டி' என்ன ஆகப்போகிறது? குறைவது சிடி4 செல்கள். அவை குறைவதை நிறுத்துவது வைரஸ் பெருகுவதை நிறுத்தும் மாத்திரை.

ஆன்டிபாடி தோற்கும் இடத்தில் மாத்திரை ஜெயிப்பதற்குக் காரணம் உண்டு. ஆன்டிபாடி வெளியே நின்று மாறிக்கொண்டே இருக்கும் ஸ்பைக்கோடு போராடுகிறது. மாத்திரை செல்லுக்குள் போய், வைரஸ் நகலெடுக்கும் நொதியையும் வைரஸை நம் மரபணுவுக்குள் நுழைக்கும் நொதியையும் தடுக்கிறது. சர்க்கரைக் கவசம் அங்கே உதவாது. ஒரே சமயத்தில் மூன்று மருந்து கொடுப்பதால், மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்பிக்கும் வைரஸ் உருவாவது மிகக் கடினம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த வாய்ப்பை நாமே கொடுக்கிறோம். இந்த மாத்திரை அரசு மையங்களில் 2004-இலிருந்து இலவசம். அந்த எட்டாயிரத்தில் தம்பிக்கு முட்டையும் பாலும் பழமும் வாங்கிக் கொடுங்கள்.

ராஜலட்சுமி, ஆய்வு மாணவி, பெங்களூரு: பலவகை வைரஸ்களையும் தடுக்கும் ஆன்டிபாடிகள் சிலருக்கு உருவாகின்றனவே. அவர்களுக்கு மட்டும் எப்படி?

தொற்று வந்து இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இவை வருகின்றன. 2010-இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 பிரபலமானது. சோதித்த வகைகளில் சுமார் 90 சதவீதத்தைத் தடுத்தது. பள்ளத்துக்குள் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த சிடி4 பிடிக்கும் இடத்தில், சிடி4 நுழையும் அதே கோணத்தில் நுழைகிறது.

எப்படி உருவாகின்றன என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் ஆய்வு தென்னாப்பிரிக்காவில் பென்னி மூர், லின் மோரிஸ் குழு 2012-இல் வெளியிட்டது. இரண்டு பெண்கள். அவர்களுக்குத் தொற்றிய வைரஸில் ஸ்பைக்கின் 332-ஆம் இடத்தில் சர்க்கரை இல்லை, 334-இல் இருந்தது. முதலில் வந்த சாதாரண ஆன்டிபாடிகள் வைரஸை நெருக்கின. தப்பிப்பதற்காக வைரஸ் சர்க்கரையை 334-இலிருந்து 332-க்கு நகர்த்தியது. ஆறு மாதத்துக்குள் இது நடந்துவிட்டது. தப்பியும்விட்டது. ஆனால் 332-இல் சர்க்கரை இருக்கும் இடம்தான் பலவகை வைரஸ்களுக்கும் பொதுவான பலவீனம். அதைப் பிடிக்கும் வீரியமான ஆன்டிபாடிகள் பிறகு இதே பெண்களிடம் உருவாயின. முதல் ஆன்டிபாடிகளை நாம் 'தோற்றவை' என்று சொல்லி ஒதுக்கியிருப்போம். அவை நெருக்கியதால்தான் வைரஸ் அந்த இடத்துக்குப் போனது.

சோகம் என்னவென்றால், அந்த ஆன்டிபாடிகள் அந்தப் பெண்களுக்கே பெரிதாகப் பயன்படுவதில்லை. அவர்கள் உடலில் உள்ள வைரஸ் அதற்குள் அவற்றிடமிருந்தும் தப்பியிருக்கும். புதிதாகத் தொற்ற வரும் வைரஸைத் தடுக்க அவற்றை முன்கூட்டியே கொடுக்கலாமே என்பதுதான் எண்ணம். வி.ஆர்.சி.01-ஐ அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஆப்பிரிக்கா என 4,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றியோ டம்மி மருந்து கொடுத்தோ பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. மொத்தத் தொற்று குறையவில்லை. ஆனால் அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் அடங்கும் வகை வைரஸ்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 75 சதவீதம் தடுத்திருந்தது. அப்படிப்பட்ட வகைகள் அங்கே சுமார் 30 சதவீதம்தான். ஆகவே இப்போது யாரும் ஒற்றை ஆன்டிபாடியை நம்புவதில்லை. இரண்டு மூன்று சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இவை பெரியவர்களைவிடச் சீக்கிரம் வருவது ஆச்சரியம். கென்யாவில் ஒரு குழந்தையிடம் தொற்று ஏற்பட்டு ஓராண்டு அளவிலேயே இருந்தது.

சிவரூபன், யாழ்ப்பாணம்: அக்கா, நாற்பது வருசமாகத் தடுப்பூசி வரவில்லையே. இனி வருமென்று நினைக்கிறீங்களா?

வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே ஊசியாக இருக்காது.

இதுவரை கொஞ்சமாவது பலன் காட்டியது தாய்லாந்தில் 16,000 பேரிடம் நடந்த சோதனை. 2009-இல் முடிவு வந்தது: 31 சதவீதப் பாதுகாப்பு. அதில் வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி ஒன்றும் பெரிதாக உருவாகவில்லை. ஸ்பைக்கின் நுனியில் ஒட்டிய ஆன்டிபாடிகளோடும், சிலரிடம் ஜெனிஃபர் கேட்ட ஏ.டி.சி.சி.யோடும்தான் பாதுகாப்பு பொருந்தி வந்தது. அதே முறையைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்ப மாற்றிச் செய்த சோதனை பலன் இல்லாமல் 2020-இல் நிறுத்தப்பட்டது. அப்போது மிகவும் மனம் வருந்தினேன்.

இப்போது நடப்பது வேறு வழி. வீரியமான ஆன்டிபாடி உருவாகும் பி செல்லின் முதல் தலைமுறையைத் தேடிப் பிடித்து ஒரு ஊசியால் எழுப்பி, அடுத்தடுத்த ஊசிகளால் படிப்படியாகப் பழக்குவது. அந்த முதல் படியைச் சோதித்தபோது ஊசி போட்ட 36 பேரில் 35 பேரிடம் வேண்டிய பி செல்கள் எழுந்தன. 2022-இல் வெளியான முடிவு அது. மீதிப் படிகள் இருக்கின்றன.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லெனகாபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டார்கள். 2024-இல் வந்த முடிவில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இது தடுப்பூசி இல்லை, மருந்து. ஸ்பைக் பக்கமே போகாமல் வைரஸின் உள்கூட்டைத் தாக்குகிறது. இது எல்லா ஏழை நாடுகளுக்கும் கட்டுபடியாகும் விலையில் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை மட்டுமில்லை, கோரிக்கையும்.

பெயர் வேண்டாம், திருச்சி: எனக்கு எச்.ஐ.வி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். குழந்தை பிறந்து மூன்று மாதம். ஒரு லேபில் டெஸ்ட் எடுத்தோம், பாசிட்டிவ் என்கிறார்கள். அழுதுகொண்டே இருக்கிறேன் மேடம்.

அம்மா, மூன்று மாதக் குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் அதில் தெரிவது உங்கள் ஆன்டிபாடி. கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனது. அது 18 மாதம் வரைகூட ரத்தத்தில் தங்கும். அந்த 'பாசிட்டிவ்' குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்லவே இல்லை. அந்த லேப் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைக்குச் செய்ய வேண்டியது வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். டெஸ்ட். அரசு மையத்தில் ஆறு வாரத்திலேயே குதிகாலில் குத்தி, அட்டையில் சில சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். இன்னும் செய்யவில்லை என்றால் நாளைக்கே போங்கள். குழந்தைக்குக் கொடுக்கச் சொன்ன சிரப் இருந்தால் விடாமல் கொடுங்கள். எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றும். சரியான சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. நீங்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டது குழந்தைக்கும் செய்த உதவி.

பெயர் வேண்டாம், ஒன்பது வருடமாக ஏ.ஆர்.டி. எடுப்பவர்: வைரஸ் அளவு 'கண்டறிய முடியவில்லை' என்று வருகிறது. அப்படியானால் என் ஆன்டிபாடிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளாதா? மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் ஓடும் வைரஸைத்தான் அந்த டெஸ்ட் எண்ணுகிறது. ஓய்வில் இருக்கும் சில சிடி4 செல்களின் மரபணுவுக்குள் வைரஸ் எழுதப்பட்டுக் கிடக்கிறது. அந்தச் செல் வைரஸ் புரதம் எதையும் செய்வதில்லை. மேற்பரப்பில் ஸ்பைக் இல்லை. ஆன்டிபாடி எதைப் பிடிக்கும்? என்.கே. செல் எதைப் பார்க்கும்? அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். விட்டு விட்டுச் சாப்பிடுவது ஆபத்து என்பதை 2006-இல் ஒரு பெரிய சோதனை காட்டிவிட்டது. விட்டு விட்டு எடுத்தவர்களில் நோயும் இறப்பும் அதிகம்.

உங்கள் ஆன்டிபாடிகளையும் குறை சொல்ல வேண்டாம். ஒன்பது வருடமாக அவற்றுக்குப் பார்க்க வைரஸே அதிகம் இல்லை. 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வீரியமான இரண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்து ஏற்றி, மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். அவற்றுக்கு அடங்கும் வைரஸ் உள்ளவர்களிடம்கூட அது பாதிப் பேருக்கு 21 வாரத்துக்குள் திரும்பிவிட்டது. வீட்டில் செய்து பார்க்கும் விஷயமில்லை இது.

கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவின் வழியாக உங்களிடமிருந்து துணைக்குத் தொற்றாது. ஆயிரக்கணக்கான தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து உறுதி செய்த உண்மை இது. கல்யாணம் பற்றித் தனியாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் செய்துகொள்ளலாம். துணையிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரை ஒரு முறை பாருங்கள்.